காலைப் பார்க்கத் தெரிந்த தாதி வேண்டும்

மண்சரிவுக்கு அஞ்சி இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறும் குடும்பம் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடுகின்றது? பிள்ளைகளை, அடையாள அட்டையை, காணிப் பத்திரத்தை, கைக்கு அகப்பட்ட உடுப்பை. கிளினிக் கொப்பியும் மாத்திரைப் பையும் பெரும்பாலும் வீட்டோடு தங்கிவிடுகின்றன. பாடசாலை மண்டபத்திலோ கோவில் மடத்திலோ சில நாட்கள் கழிந்த பின்னர்தான் "அம்மாவுக்குச் சீனி வருத்தம், மருந்து போட்டு நாலு நாளாச்சு" என்ற பேச்சு எழுகின்றது.

2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பகுதிகளில் மலைகள் சரிந்தபோது குடும்பங்கள் இவ்வாறே வெளியேறின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்றாக இருந்தது. போரினால் பெயர்ந்தவர்களும் நீர்த்தேக்கங்களுக்காகக் காணியை இழந்தவர்களும் இந்த அனுபவத்தை நன்கறிவர்.

இடம்பெயர்ந்தவர் புதிய வைத்தியசாலைக்குப் போகின்றார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது, கையில் கொப்பியும் இல்லை. அந்த வேளையில் அவருடைய நலம், மேசைக்கு அப்பால் இருக்கும் வைத்தியருக்கும் தாதிக்கும் என்ன தெரியும் என்பதிலேயே தங்கியிருக்கின்றது. எனவே சுகாதார ஊழியர்களின் தொடர் கல்வி என்பது கொழும்பு மாநாட்டு மண்டபங்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல. அது எமது மக்களின் கால்களையும் கண்களையும் பற்றிய விடயமாகும்.

பணக்கார நோயா?

"சீனி வருத்தம் உட்கார்ந்து தின்பவருக்குத்தான் வரும், மண்வெட்டி பிடிப்பவருக்கு வராது" என்ற நம்பிக்கை எம்மிடையே இன்னும் உண்டு. கணக்குகள் வேறு கதை சொல்கின்றன. இலங்கையின் கிராமியச் சமூகமொன்றில் 1990 இல் 2.5 வீதமாக இருந்த நீரிழிவு, 2000 இல் 8.5 வீதமாக உயர்ந்திருந்தது. 2005-2006 இல் நடந்த பரந்த ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இடம்பெயர்ந்தோர் பெருந்தொகையாக வாழ்ந்த பகுதிகளே கணக்குக்கு வெளியே நின்றன. நோயுள்ளோரில் மூவரில் ஒருவருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதை அறியாதிருந்தனர். 2018-2019 ஆய்வில் இவ்வளவு வளர்ந்தோருள் ஏறத்தாழ 23 வீதமாகியது. நாலு பேரில் ஒருவர் என்ற அளவை நெருங்கிவிட்டோம்.

இந்நோய் வலியோடு வருவதில்லை. மெதுவாகக் கால் நரம்புகளைக் கெடுத்து உணர்வை மரத்துப்போகச் செய்கின்றது. வலப்பனைப் பிரதேசத்தில் மரக்கறித் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் செருப்பில்லாமல் நிற்கும் காலை எண்ணிப் பார்ப்போம். அட்டை கடிக்கின்றது, முள் தைக்கின்றது, உரமும் கிருமிநாசினியும் படுகின்றன. உணர்வுள்ள கால் வலித்து எச்சரிக்கும். உணர்விழந்த காலுக்கு எதுவும் தெரியாது. புண் புரையோடி நாற்றம் வந்த பின்னரே வீட்டார் அறிவர். கால் துண்டிப்புகளில் பெரும்பகுதி முன்கூட்டிக் கவனித்திருந்தால் தடுக்கக்கூடியவை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. ஒரு காலை இழந்த கூலியாளின் குடும்பத்தில் உழைப்பாளி ஒருவர் குறைகின்றார். அவரைப் பார்த்துக்கொள்ளவென இன்னொருவரும் வேலையை விடுகின்றார்.

சங்கிலியில் யார் யார்?

வலப்பனை ஒரே தன்மையான இடமல்ல. ஹைபொரஸ்ட், இராகலைப் பக்கத்துக் குளிர்ந்த தேயிலை மலைகளும், மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் வயற் கிராமங்களும் அதில் அடங்கும். கிராமத்தவர் அரசாங்க வைத்தியசாலையை நாடுவர். தோட்டத்தவர் முதலில் தோட்ட டிஸ்பென்சரிக்கே போவர். இந்தப் பிரிவு புதியதல்ல. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872 இலேயே தனிச் சட்டம் வந்தது. தோட்டச் சுகாதாரம் நாட்டின் பொதுச் சுகாதார சேவையிலிருந்து நீண்டகாலம் விலகியே நின்றது. 1990களின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

ஆகவே எமது பகுதியில் ஒரு நோயாளியின் வழியில் பலர் நிற்கின்றனர்: தோட்ட வைத்திய உதவியாளர், குடும்ப நல உத்தியோகத்தர், மருத்துவ மாது, வெளிநோயாளர் பிரிவு வைத்தியர், தாதி, மருந்து கொடுப்பவர். நிபுணத்துவ வைத்தியரை எட்ட நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறவேண்டும். அதற்கு ஒருநாட் சம்பளம் போய்விடும். ஆதலால் நிபுணர் ஒருவர் அனைத்தையும் அறிந்திருப்பதைவிட, இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தன் பங்குக்கு வேண்டியதை அறிந்திருப்பதே எமக்கு முக்கியம்.

ஒருமுறை படித்தது போதாதா?

தாதிக் கல்லூரியிலோ மருத்துவபீடத்திலோ இருபது வருடங்களுக்கு முன் படித்தது தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மருத்துவ அறிவு நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1922 இல் கனடாவின் டொரொன்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது முதல் இன்றுவரை மாற்றம் தொடர்கின்றது. மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.வன்.சி பரிசோதனையைக் கொண்டு நோயை நிர்ணயிக்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2011 இல்தான் ஏற்றுக்கொண்டது. கர்ப்பிணித் தாய்மாருக்கு வரும் நீரிழிவை அறியும் அளவுகோல்களை 2013 இல் மாற்றியது. இதை அறியாத மருத்துவ மாது, தவறான நேரத்தில் தாயை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.

உணவுப் புத்திமதியும் அப்படியே. "நிலத்துக்குக் கீழே விளைவது எதையும் தொடக்கூடாது" என்று சொல்லப்படுவதைப் பலரும் கேட்டிருப்போம். உருளைக்கிழங்கு சோற்றைப் போல மாப்பொருள், அளவோடு உண்ணவேண்டும் என்பது உண்மை. ஆனால் கரட், முள்ளங்கி போன்றவற்றைக் கறியாக உண்பதற்குப் பயப்படத் தேவையில்லை. தாமே விளைவிக்கும் மரக்கறியைத் தள்ளிவிட்டுக் கோதுமை மா ரொட்டியால் வயிற்றை நிரப்புபவருக்கு அந்தப் பழைய புத்திமதி நன்மையைவிடத் தீமையே செய்கின்றது. குரக்கனும் அவ்வாறே. அது நல்ல தானியம்தான், ஆனால் மருந்தல்ல. அளவு மீறினால் அதுவும் சீனியை ஏற்றும்.

நல்ல பயிற்சியின் அடையாளம்

எல்லாப் பயிற்சியும் பயிற்சியாகாது. ஒரு நாள் செயலமர்வு, ஒரு சான்றிதழ், ஒரு மதிய உணவு, பின்னர் பழைய வழக்கம் என்பது நாம் பல துறைகளில் கண்ட கதை. இதற்கு மாறான ஒரு முயற்சி எமது அயலிலேயே நடந்தது. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் "ஸ்டெப் பை ஸ்டெப்" என்ற பாதப் பராமரிப்புப் பயிற்சி இந்தியாவிலும் தன்சானியாவிலும் நடத்தப்பட்டது. ஒல்லாந்தின் டொக்டர் காரெல் பக்கர், நாக்பூரின் டொக்டர் சரத் பெண்ட்சே, சென்னை இராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் டொக்டர் விஜய் விஸ்வநாதன், தாருஸ்ஸலாமின் டொக்டர் சுல்பிகாரலி அப்பாஸ் ஆகியோர் இதில் முன்னின்றனர். இந்தியாவில் நடந்த பயிற்சியில் இலங்கை, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்தும் குழுக்கள் கலந்துகொண்டன.

அதில் மூன்று சிறப்புகள் இருந்தன. முதலாவது, வைத்தியர் தனியே வரவில்லை; தாதியையோ உதவியாளரையோ கூட்டிக்கொண்டு இருவராக வந்தனர். ஒருவர் கற்றதை மற்றவர் தடுக்க முடியாது. இரண்டாவது, அடிப்படைப் பயிற்சிக்குப் பின் தம் ஊரில் ஒரு வருடம் வேலை செய்துவிட்டு, தாம் கண்ட நோயாளரின் அனுபவத்தோடு மேற்பயிற்சிக்குத் திரும்பினர். மூன்றாவது, கையில் கருவிகளையும் கொடுத்து அனுப்பினர். கருவியில்லாத அறிவு ஏட்டுச் சுரைக்காய் அல்லவா?

எமது நாட்டிலும் இலங்கை மருத்துவச் சங்கம், உலக நீரிழிவு மன்றத்தின் உதவியோடு "நிரோகி லங்கா" திட்டத்தை நடத்தி, தாதியர்களை நீரிழிவுக் கல்வியூட்டும் தாதி உத்தியோகத்தர்களாகப் பயிற்றுவித்தது. வரிசையில் நூறு பேர் நிற்கும் கிளினிக்கில் வைத்தியருக்கு ஒவ்வொருவரோடும் பேச நேரமில்லை. ஊசி போடும் விதம், உணவு, கால் பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பது பெரும் ஆறுதல். ஆனால் பயிற்சி பெற்ற தாதியை அடுத்த மாதமே வேறு விடுதிக்கு மாற்றினால், பயிற்சி மட்டுமே மிஞ்சும், பயன் மிஞ்சாது. மலைநாட்டில் இன்னொரு தேவையும் உண்டு. நோயாளி பேசும் மொழியில் பேசக் கற்பதும் தொடர் கல்வியின் ஒரு பாடமாக வேண்டும். "ஒரு நாளைக்கு இரண்டு" என்பதும் "இரண்டு நாளைக்கு ஒன்று" என்பதும் மொழி புரியாதவருக்கு ஒன்றாகவே ஒலிக்கும்.

இடம்பெயர்ந்தவருக்கு வேண்டிய பாடங்கள்

முகாமுக்கு வரும் சுகாதார ஊழியர் சிலவற்றைச் சிறப்பாகக் கற்றிருக்க வேண்டும். உலர் உணவில் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு என வருவதை எப்படிப் பங்கிட்டு உண்பது என்று சொல்லத் தெரியவேண்டும். சாப்பாடு பிந்தும் நாளில் எந்த மாத்திரை ஆபத்தானது என்று அறிந்திருக்க வேண்டும். கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட் போன்றவை வெறும் வயிற்றில் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். மெட்போர்மின் தனியே அவ்வாறு செய்வது அரிது. இன்சுலின் போடுபவர் சாப்பிட முடியாத நாளிலும் அதைத் தாமாக முற்றாக நிறுத்தலாகாது; அளவை எப்படி மாற்றுவது என்று உடனே கேட்கவேண்டும்.

பாவனையிலுள்ள இன்சுலின் குப்பி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நாலு வாரம் கெடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர், ஈரமான மட்பானைக்குள் நீர் படாமல் வைக்கலாம். உறையவிட்ட இன்சுலினைப் பாவிக்கவே கூடாது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியோருக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவில் ஒரு மில்லிலீட்டரில் 40 அலகு கொண்ட குப்பியும் உண்டு, 100 அலகு கொண்டதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசி. 40க்குரிய ஊசியால் 100 அலகு மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு உடம்பில் ஏறிவிடும். குப்பியையும் ஊசியையும் ஒன்றாகக் காட்டிக் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

தொடர் கல்வியை நாம் நடத்த முடியாது. ஆனால் அதன் பயனைக் கேட்டுப் பெறலாம். கிளினிக்கில் வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்களா? கண்ணின் பின்புறத்தைச் சோதித்தார்களா? சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட்டனவா? இல்லையெனில் மரியாதையோடு கேளுங்கள். "டொக்டர், என் காலையும் ஒருக்கா பாருங்க" என்று கேட்பது குற்றமல்ல.

காலில் உணர்வு இருக்கின்றதா என்பதை வீட்டிலேயே அறிய எளிய வழியொன்றை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியர்கள் காட்டினர். நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க, வீட்டார் ஒருவர் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை விரலால் மெதுவாக ஓரிரு விநாடி தொடவேண்டும்; அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது, கிளினிக்கில் சொல்லவேண்டும். அன்றிலிருந்து வெறுங்காலோடு மலை ஏறலாகாது. இரவில் விளக்கடியில் உள்ளங்காலைப் பார்ப்பது பல் துலக்குவது போல வழக்கமாக வேண்டும்.

சுகாதார அமைச்சு 2011 முதல் அமைத்து வந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்கு ஆண்கள் குறைவாகவே போகின்றனர் என்பது அறியப்பட்ட குறை. வேலை நேரத்தில் திறந்திருக்கும் நிலையத்துக்குக் கூலியாள் எப்படிப் போவார்? ஞாயிறோ மாலையோ ஒருநாள் திறக்கும்படி மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்கலாம். பயிற்சி பெற்ற தாதியை மாற்ற வேண்டாம் எனவும், தோட்ட வைத்திய உதவியாளரையும் மருத்துவ மாதையும் அடுத்த பயிற்சியில் சேர்க்கவேண்டும் எனவும் மனுக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி வீட்டுப் பிள்ளை ஒன்றிடமும் கொடுத்து வையுங்கள். மலை எப்போது சரியும் என்று எவராலும் சொல்ல முடியாது. மறுபடி பெயர நேர்ந்தால், எங்கோ ஒரு புதிய வைத்தியசாலையில் நன்கு கற்ற ஒரு தாதி உங்களைக் காண்பார். உங்களைப் பற்றி அவர் அறியவேண்டியது அந்தக் கொப்பியில் இருக்கட்டும்.