காரில் மலேசியா போறீங்களா? வழிகாட்டும் கருவி எங்கே கைவிடும், எது கைகொடுக்கும்?

தீபாவளி விடுமுறை. சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு காரில் கிளம்பி, பினாங்கில் உறவினர்களைப் பார்த்துவிட்டு, அப்படியே கிளந்தான் பக்கம் போய்வரலாம் என்று திட்டம்.

கெரிக் நகரைத் தாண்டியதும் மலைச்சாலை தொடங்குகிறது. மணி ஏழரை, இருட்டிவிட்டது. பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். திடீரென்று திறன்பேசித் திரையில் சாலைகள் மறைந்து வெறும் கட்டங்கள் மட்டும் தெரிகின்றன. நடுவில் இருக்கும் நீலப் புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

"என்னங்க, ஜிபிஎஸ் போயிடுச்சு!"

உண்மையில் ஜிபிஎஸ் எங்கேயும் போகவில்லை. அந்த நீலப் புள்ளி நகர்கிறதே, அதுதான் ஜிபிஎஸ். போனது வேறொன்று. எது போனது என்பது புரிந்தால், எந்தக் கருவியை வாங்குவது, எந்தச் செயலியை நம்புவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஜிபிஎஸ், வரைபடம், இணையம்: மூன்றும் வேறு வேறு

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? இதைச் சொல்வது துணைக்கோளம். பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் இடைவிடாமல் சமிக்ஞை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் சமிக்ஞை கிடைத்தால் உங்கள் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். வானொலிப் பெட்டி மாதிரி, கருவி கேட்க மட்டுமே செய்கிறது. அதற்கு டேட்டா தேவையில்லை, கட்டணமும் இல்லை.

சுற்றி என்ன இருக்கிறது? இதைச் சொல்வது வரைபடம். அது கருவிக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கலாம். அல்லது போகப் போக இணையத்திலிருந்து இறங்கலாம்.

சாலையில் இப்போது என்ன நடக்கிறது? நெரிசல், விபத்து, சாலை மூடல் எல்லாம் இணையம் வழியாகத்தான் வரும்.

கெரிக் சாலையில் போனது மூன்றாவது. வரைபடத்தை முன்கூட்டியே சேமிக்காததால் இரண்டாவதும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

கெரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை நூறு கிலோமீட்டருக்கும் மேல் காட்டு வழியாகச் செல்கிறது. பல இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. பெட்ரோல் நிலையங்களும் குறைவு. யானைகள் சாலையைக் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகைகள் உண்டு. அங்கே வண்டியை ஓரமாக நிறுத்தி, திறன்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சமிக்ஞை தேடுவது நல்ல யோசனை இல்லை.

திறன்பேசி போதுமா?

ஜொகூர் பாரு, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ என்று வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலேயே போய்வருபவர்களுக்குப் பெரும்பாலும் திறன்பேசியே போதும். ஆனால் எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

வேஸ்: மலேசிய ஓட்டுநர்கள் அதிகம் பயன்படுத்தும் செயலிகளில் ஒன்று. வழியில் போகிறவர்களே நெரிசல், விபத்து, பள்ளம் எல்லாவற்றையும் தெரிவிப்பதுதான் அதன் பலம். பலவீனம், அது இணையத்தை நம்பியே இருக்கிறது. கிளம்பும்போது எடுத்த வழியை, சமிக்ஞை போன பிறகும் அது தொடர்ந்து காட்டக்கூடும். ஆனால் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் புது வழி தேட இணையம் வேண்டும்.

கூகல் மேப்ஸ்: வேண்டிய வட்டாரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம். இணையம் இல்லாவிட்டாலும் கார் ஓட்ட வழி சொல்லும். ஆனால் நெரிசல் விவரம், மாற்று வழி, எந்தத் தடத்தில் போக வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை அப்போது கிடைக்காது. பதிவிறக்கிய வரைபடத்துக்குக் காலாவதித் தேதியும் உண்டு. போன வருஷம் இறக்கியதை நம்பி இந்த வருஷம் கிளம்ப வேண்டாம்.

ஹியர் வீகோ, ஆர்கானிக் மேப்ஸ்: ஒரு நாட்டின் வரைபடத்தையோ அதன் பெரும்பகுதியையோ திறன்பேசிக்குள் சேமித்துவைத்து, இணையமே இல்லாமல் ஓட்டலாம். ஆர்கானிக் மேப்ஸ், தன்னார்வலர்கள் உலகெங்கும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்துகிறது.

ஒரு செயலியை மட்டும் நம்பாமல் இரண்டை வைத்துக்கொள்வது நல்லது. நெரிசலுக்கு ஒன்று, சமிக்ஞை இல்லாத இடத்துக்கு ஒன்று.

தனிக் கருவி யாருக்கு?

"திறன்பேசி வந்த பிறகு யாருங்க ஜிபிஎஸ் பெட்டி வாங்குறாங்க?" என்று கேட்கலாம். சிலருக்கு அது இன்னும் பயன்படும்.

கார்மின் போன்ற கருவிகளில் வரைபடம் உள்ளேயே இருக்கிறது. டேட்டா வேண்டாம். அழைப்பு வந்தால் திரை மறையாது. முன்கண்ணாடியில் மத்தியான வெயில் படும்படி மின்னூட்டம் செய்துகொண்டே ஓடும் திறன்பேசி சூடாகி, திரை மங்கிவிடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். வண்டிக்கென்றே செய்யப்பட்ட கருவி அந்தச் சூட்டை மேலும் நன்றாகத் தாங்கும். இன்னொரு வசதி, வழிகாட்டும் வேலையை அது பார்த்துக்கொள்வதால், அவசரத்துக்கு அழைக்கத் திறன்பேசியின் மின்கலம் மிச்சமிருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை கோலாலம்பூர் போய்வருபவர்களுக்கு அது தேவைப்படாது. அடிக்கடி கேமரன் மலை, கிழக்குக் கரை, தாய்லாந்து என்று நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் யோசிக்கலாம்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை:

- எந்தெந்த நாடுகளின் வரைபடம் உள்ளே இருக்கிறது? வெளிநாட்டில் மலிவாக வாங்கிய கருவியில் தென்கிழக்காசிய வரைபடமே இல்லாமல் போகலாம். அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க நேரிடும்.
- வரைபடப் புதுப்பிப்பு இலவசமா? 'வாழ்நாள்' என்று பெட்டியில் போட்டிருந்தால், அது கருவியின் வாழ்நாளைக் குறிக்கும், உங்களுடையதை அல்ல! அந்த ரகத்துக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் புதுப்பிப்பும் நின்றுவிடும்.
- பழைய கருவியா? ஜிபிஎஸ் நேரக் கணக்கில் வாரங்களை எண்ணும் எண், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6ஆம் தேதி அப்படி நடந்தது. அதற்குப் பிறகு மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகளில் தேதியும், போய்ச்சேரும் நேரமும் தவறாக வரலாம்.

காரிலேயே பொருத்தப்பட்டு வரும் வழிகாட்டிக்கும் முதல் இரண்டு கேள்விகள் பொருந்தும். சிங்கப்பூரில் வாங்கிய காரில் மலேசிய வரைபடம் இருக்கும் என்று நாமே நினைத்துக்கொள்ளக்கூடாது.

பழைய வரைபடம் ஏன் ஆபத்து?

பினாங்கையே எடுத்துக்கொள்வோம். பினாங்கின் இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய வரைபடத்தோடு அந்தப் பாலத்தில் ஓட்டினால், கார் கடலுக்குள் போவதாகத் திரை காட்டும். அதில் சிரித்துவிட்டுப் போகலாம்.

படகுச் சேவை அப்படி இல்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கார்களை ஏற்றிச் சென்ற படகுச் சேவை 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது பயணிகளும் இருசக்கர வாகனங்களும்தான் போகலாம். பழைய வரைபடம் உங்களைப் படகுத்துறை வரை அழைத்துப்போய் நிறுத்திவிடும். இரவு நேரத்தில், களைத்துப்போன ஓட்டுநர், நெரிசலான ஊருக்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பாலத்தைத் தேட வேண்டியிருக்கும்.

முகவரி போட்டாலும் வேறு ஊருக்குப் போவது ஏன்?

சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தட்டினால், கட்டடத்தின் வாசலுக்கே போய்விடலாம்.

மலேசியாவில் அது நடக்காது. அங்குள்ள ஐந்து இலக்கக் குறியீடு ஒரு வட்டாரத்தையே குறிக்கும். அதோடு, ஒரே சாலைப் பெயர் பல ஊர்களில் இருக்கும். 'ஜாலான் புசார்' என்று மட்டும் தேடிப்பாருங்கள். மலேசியாவின் எத்தனையோ சிற்றூர்களில் அது இருக்கிறது. சிங்கப்பூரிலும் இருக்கிறது!

அதனால் உறவினர் வீட்டுக்குப் போகும்போது முகவரியைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "அண்ணே, லொக்கேஷன அனுப்பிடுங்க" என்று கேட்டு வாங்கி, கிளம்பும் முன்பே சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். 'வழியைக் காட்டு' என்பதை அழுத்தியதும் மொத்தத் தூரத்தை ஒருமுறை பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். திரை 350 என்று காட்டினால், அது வேறு ஊர்.

கோலாலம்பூரில் தடுமாறுவது ஏன்?

கோலாலம்பூரில் பல இடங்களில் கீழே ஒரு சாலை, அதற்கு நேர் மேலே ஒரு நெடுஞ்சாலை. வரைபடத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். ஜிபிஎஸ் உயரத்தைக் கணிப்பதில் அவ்வளவு துல்லியம் கிடையாது. நீங்கள் மேலே இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா என்று கருவி குழம்பிவிடும். உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையும் குழப்பத்தைக் கூட்டும். சுரங்கச் சாலையிலோ சமிக்ஞையே வராது.

இந்த மாதிரி இடங்களில் திரையை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். போக வேண்டிய திசையில் உள்ள ஊரின் பெயரையும் நெடுஞ்சாலையின் பெயரையும் முன்பே தெரிந்துவைத்திருப்பது உதவும். திருப்பத்தைத் தவறவிட்டால் பதறாதீர்கள். கடைசி நொடியில் தடம் மாறுவதைவிட, ஐந்து கிலோமீட்டர் சுற்றி வருவது பாதுகாப்பு.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த நாள்களில் சுற்றுவட்டாரச் சாலைகள் மூடப்படும். சேமித்த வரைபடத்துக்கு அது தெரியாது. அன்று நேரடித் தகவல் தரும் செயலியும், காவல்துறையின் அறிவிப்பும் தேவை.

தாய்லாந்தும் அதற்கு அப்பாலும்

தாய்லாந்தில் ஊர்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பலவிதமாக எழுதுவார்கள். எழுத்து ஒன்று மாறினாலும் சில கருவிகள் கண்டுபிடிக்காது. போகும் இடங்களை வீட்டிலிருந்தே வரைபடத்தில் குறித்துவைப்பது சுலபம்.

தென்கொரியாவில் வரைபடத் தரவை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதில் கட்டுப்பாடுகள் இருந்ததால், கூகல் மேப்ஸின் கார் வழிகாட்டல் அங்கு நீண்டகாலம் கிடைக்காமல் இருந்தது. நேவர், ககாவ் ஆகிய உள்ளூர்ச் செயலிகளையே அங்கு பயன்படுத்துகிறார்கள். ஜப்பானில் வாடகைக் கார்களில் வழிகாட்டி பொதுவாகவே இருக்கும். ஹோட்டலின் தொலைபேசி எண்ணைத் தட்டினாலே பல கருவிகள் வழி காட்டிவிடும். பிரிட்டனில் வேகவரம்பு மைல் கணக்கில் இருப்பதால், கருவியையும் மைலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் பதிவான முகவரிகளையும் திறன்பேசித் தொடர்புகளையும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசியையோ கைக்கணினியையோ கையில் பிடித்துப் பயன்படுத்துவது 2015 பிப்ரவரி முதல் குற்றம். மலேசியாவிலும் ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்தக்கூடாது. கருவியைத் தாங்கியில் பொருத்துங்கள், ஆனால் சாலையை மறைக்கும் இடத்தில் வேண்டாம்.

ஜெர்மனி, சுவிட்சர்லந்து போன்ற நாடுகளில், வேகக் கண்காணிப்புக் கேமரா பற்றி எச்சரிக்கும் வசதியை ஓட்டும்போது பயன்படுத்துவதே சட்டவிரோதம். அங்கே ஓட்டுவதற்கு முன் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

- போகும் வழி முழுவதற்கும் வரைபடத்தைப் பதிவிறக்கம் செய்யுங்கள்.
- திறந்தவெளியில் நின்று டேட்டாவை அணைத்துவிட்டு, சேரும் இடத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி வந்தால் மலையிலும் வரும். வராவிட்டால் இப்போதே சரிசெய்யலாம்.
- 'கட்டணச் சாலைகளைத் தவிர்' என்ற தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலைகளில் உங்களை அலையவைக்கும்.
- கார் மின்னேற்றியையும் ஒரு கம்பியைக் கூடுதலாகவும் எடுத்துவையுங்கள்.
- முக்கியமான ஊர்கள், வெளியேறும் வழிகள், உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வண்டியில் வையுங்கள்.
- பக்கத்தில் உட்காருபவரிடம் வழிகாட்டும் பொறுப்பைக் கொடுங்கள். ஓட்டுபவர் ஓட்டட்டும்.

எந்தக் கருவியாலும் பார்க்க முடியாத சில விஷயங்களும் உண்டு. சிங்கப்பூரில் பதிவான கார் எல்லையைத் தாண்டும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிரம்பியிருக்கிறதா என்று அது கேட்காது. கெரிக் மலைச்சாலைக்குள் நுழையும் முன் இருட்டப் போகிறது என்றும் சொல்லாது. அந்தச் சாலையில் போவதாக இருந்தால், பகலிலேயே கடந்துவிடும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். முடியாவிட்டால், கெரிக்கிலேயே ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பலாம். கிளந்தான் எங்கேயும் போய்விடாது.