அடுக்ககப் பராமரிப்புக் கட்டணம்: கணக்கை எங்கே தொடங்குவது?

சென்னையில் பல அடுக்ககச் சங்கங்கள் மெயின்டனன்ஸ் தொகையைத் தலைகீழாக முடிவு செய்கின்றன. பக்கத்துக் கட்டடத்தில் சதுர அடிக்கு மூன்று ரூபாய் வாங்குகிறார்கள் என்று பொதுக்குழுவில் ஒருவர் சொல்வார். நமக்கும் அதுவே போதும் என்று தீர்மானம் நிறைவேறிவிடும். அதற்குள் செலவை அடக்குவது பொருளாளரின் பாடு. அடக்க முடியாத மாதங்களில் முதலில் தள்ளிப்போவது யார் கண்ணிலும் படாத வேலைகள்தான். சம்ப்பைக் கழுவுவது, மொட்டை மாடி விரிசலை அடைப்பது, தேய்ந்த லிஃப்ட் கயிற்றை மாற்றுவது எல்லாம் அப்படித்தான் நின்றுபோகின்றன. செலவை முதலில் கூட்ட வேண்டும், பிறகு வீடுகளுக்குப் பிரிக்க வேண்டும். கட்டணம் என்ன என்பது அதற்குப் பிறகு தானே தெரியும்.

சங்கத்தின் வங்கிக் கணக்கில் கடந்த பன்னிரண்டு மாத வரவு செலவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பெரும்பாலும் முதலிடம் செக்யூரிட்டிக்கும் துப்புரவுக்கும் போயிருக்கும். வாசலில் 24 மணி நேரமும் ஆள் வேண்டுமென்றால் 12 மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு பேர், அவர்களின் வார விடுமுறைக்கு ஒரு மாற்று ஆள். ஏஜென்சி மூலம் வந்தால் சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஏஜென்சியின் பங்கு, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று பில் வளரும். தீபாவளி போனஸையும் சேர்த்து, சம்பளத்தைப் பதின்மூன்று மாதமாகவே கணக்கிடுவது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் வருகிற தீபாவளிக்கு ஒவ்வோர் ஆண்டும் தனி வசூல் நடத்துவது தேவையில்லாத சங்கடம்.

காமன் ஈ.பி. பில்லில் போன வருடம் கட்டிய ரூபாயைப் பார்க்காமல், ஓடிய யூனிட்டைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டண வகை வந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனபோது, பழைய பில்லை வைத்து பட்ஜெட் போட்ட சங்கங்கள் திணறின. அடுத்த ஆண்டே, பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அது 5.50 ரூபாயாகக் குறைந்தது. விகிதம் நம் கையில் இல்லை. யூனிட் ஓரளவு நம் கையில் இருக்கிறது. எனவே யூனிட்டை இன்றைய விகிதத்தால் பெருக்கி, உயர்வுக்குச் சிறிது இடம் விட்டு எழுதுங்கள்.

தண்ணீரை மாத சராசரியாக எழுதினால் ஏமாற்றம்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. அந்த ஜூன் மாதத்தில் பணம் கொடுத்தும் லாரி கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இது புரியும். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு கணக்கு, மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு என்று மாதவாரியாகப் பிரியுங்கள். போர் வற்றினால் மாதத்துக்கு எத்தனை லோடு வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கான தொகையைத் தற்செயல் நிதியாகத் தனியே வையுங்கள். மழை பெய்த ஆண்டில் அந்தப் பணம் மிஞ்சினால், அது அடுத்த கோடைக்கு ஆகும்.

ஒப்பந்தங்களில் லிஃப்ட் ஏ.எம்.சி.யை மட்டும் கவனித்துப் படியுங்கள். உதிரிபாகமும் சேர்ந்த ஒப்பந்தமா, வெறும் சர்வீஸ் மட்டுமா என்பதில் ஆண்டுச் செலவே மாறிவிடும். ஜெனரேட்டர், தீயணைப்புக் கருவி, டேங்க் சுத்தம் போன்றவை எளிய கணக்குகள். கட்டடக் காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் புகுந்த கட்டடங்களில் லிஃப்ட் குழியும் மோட்டாரும் ஜெனரேட்டரும் சேர்ந்தே மூழ்கின.

இவ்வளவும் ஓராண்டுச் செலவு. பட்ஜெட் உண்மையில் தவறிப்போவது ஆறு ஆண்டு, பத்து ஆண்டு, இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளில்தான். அந்தச் செலவு வரும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பதாயிரம் என்று அறிவித்தால் சண்டை வராமல் இருக்குமா? ஓய்வூதியத்தில் வாழ்பவர் எங்கே போவார்? போன மாதம்தான் ஃபிளாட் வாங்கிக் குடிவந்தவர் ஆறு ஆண்டு வெயிலில் வெளுத்த சுவருக்கு ஏன் முழுத் தொகை தர வேண்டும்? இதற்குத்தான் மாதாமாதம் சிறிது சிறிதாகச் சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்ட்.

24 வீடுகள், வீட்டுக்குச் சராசரி 1,000 சதுர அடி, ஒரு லிஃப்ட் உள்ள கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கட்டடத்துக்குக் கொட்டேஷன் வாங்கி நிரப்புங்கள். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பூச்சு 6 லட்சம் என்றால் ஆண்டுக்கு 1 லட்சம். இருபது ஆண்டில் லிஃப்ட் மாற்ற 16 லட்சம் என்றால் ஆண்டுக்கு 80,000. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு 3 லட்சம், ஆண்டுக்கு 30,000. பதினைந்து ஆண்டில் ஜெனரேட்டர் நாலரை லட்சம், ஆண்டுக்கு 30,000. மோட்டார், பேனல் வகைக்கு ஐந்தாண்டில் 1 லட்சம், ஆண்டுக்கு 20,000. கூட்டினால் 2,60,000. வீட்டுக்கு மாதம் சுமார் 900 ரூபாய், சதுர அடிக்கு 90 காசு. விலைவாசி ஏறும் என்பதால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொட்டேஷனைப் புதுப்பித்து இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

‘பழைய கட்டடம், எப்படியும் இடித்துக் கட்டப்போகிறோம், எதற்குச் சேமிப்பு?’ என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி விடுகிறது. ஆனால் அந்தச் சம்மதம் கூடி, பில்டர் கிடைத்து, அனுமதி வந்து சேரும்வரை லிஃப்ட் ஓடியாக வேண்டும். மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகவும் கூடாது.

புதுக் கட்டடத்தில் சிக்கல் வேறு. பில்டர் நடத்தும் முதல் ஆண்டில் லிஃப்டும் மோட்டாரும் வாரன்டியில் இருக்கும், பெயிண்ட் புதிது, செலவு குறைவு. அந்தத் தொகையை வைத்து இரண்டாம் ஆண்டு பட்ஜெட் போடாதீர்கள். சங்கம் பொறுப்பேற்கும்போது, வீடு வாங்கியவர்களிடம் பில்டர் வசூலித்துவைத்த கார்பஸ் ஃபண்ட் முழுவதும் கணக்கோடு கைமாறுகிறதா என்று பாருங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் கட்டணமில்லாமல் சரிசெய்வது ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி பில்டரின் கடமை. ஐந்தாண்டு முடியும் முன் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில்டர் செய்ய வேண்டியதைச் சங்கப் பணத்தில் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் உண்டு.

இனி, பங்கீடு. துணைவிதியிலும் பத்திரத்திலும் என்ன சொல்லியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. அது இடம் கொடுத்தால், செக்யூரிட்டி, துப்புரவு போன்றவற்றை வீட்டுக்குச் சமமாகவும், பெயிண்ட், காப்பீடு, சிங்கிங் ஃபண்ட் போன்றவற்றைச் சதுர அடிக்கும் பிரிப்பதே நியாயம் என்பது என் எண்ணம். வாசலில் நிற்கும் காவலாளி மூன்று படுக்கையறை வீட்டுக்கென்று அதிகம் விழித்திருப்பதில்லை. ‘நான் தரைத்தளம், லிஃப்டுக்கு ஏன் தர வேண்டும்?’ என்பவருக்கு விலக்கு கொடுத்தால், நாளை மேல்தளத்துக்காரர் பார்க்கிங் தரை உடைந்ததற்குத் தர மறுப்பார். பொதுச் சொத்தைத் துண்டு துண்டாக்கினால் கணக்கு எங்கும் முடியாது.

எல்லோரும் கட்டிவிடுவார்கள் என்று நம்பி வரவு எழுதாதீர்கள். கடந்த மூன்றாண்டில் எவ்வளவு நிலுவை விழுந்தது என்பதைக் கழித்து எழுதுங்கள். கார்பஸ் வைப்புத்தொகை வட்டிக்கு வருமான வரி உண்டு. ‘உறுப்பினர்கள் தமக்குள் திரட்டிய பணம்’ என்ற வாதம் வங்கி வட்டிக்குப் பொருந்தாது என்று 2013இல் ஒரு கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுக்கு மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். முழுத் தொகைக்கும் வரி என்கிறது வரித்துறையின் 2019 சுற்றறிக்கை. 7,500க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே என்றது 2021இல் சென்னை உயர் நீதிமன்றம். அந்த எல்லையை நெருங்கும் சங்கங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டே கட்டணத்தை அறிவிக்க வேண்டும்.

வரைவைப் பொதுக்குழுவுக்குப் பதினைந்து நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்புங்கள். போன ஆண்டு பட்ஜெட், உண்மையில் ஆன செலவு, வரும் ஆண்டு என்று மூன்று பத்திகள் போதும். ரசீதிலும் மாதச் செலவு ஒரு வரியாகவும் சிங்கிங் ஃபண்ட் இன்னொரு வரியாகவும் இருக்கட்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் தான் குடிக்கும் தண்ணீருக்கும் ஏறும் லிஃப்டுக்கும் கொடுப்பது சரி; இருபது ஆண்டு கழித்து வரப்போகும் புது லிஃப்டுக்கு வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். ரசீதில் இரண்டு வரிகள் இருந்தால், யார் எதைக் கட்டுவது என்று வாடகை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளலாம்.