தானியங்கும் இல்லமும் தளத் தேர்வும்

இல்லத்தில் நாள்தோறும் செய்யும் சிறு வேலைகளைக் கருவிகளிடம் ஒப்புவிக்க மக்கள் விரும்புவது இன்று தோன்றிய ஆசையன்று. 1975-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து தேசத்துப் பைகோ எலெக்ட்ரானிக்ஸ் என்னும் கம்பெனியார் எக்ஸ்-10 என்ற முறையை வகுத்து, வீட்டின் மின்சாரக் கம்பிகளின் வழியாகவே குறிப்புகளை அனுப்பி விளக்குகளை ஏற்றவும் அணைக்கவும் வழி கண்டனர். இக்காலத்திலோ விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு, காவற் காமிரா ஆகிய யாவும் கைத்தொலைபேசியின் ஏவலுக்கும் வாய்ச்சொல்லுக்கும் பணிகின்றன. இத்தகைய வீட்டை ஸ்மார்ட் ஹோம் என்பர். நாம் தானியங்கும் இல்லம் என்போம். பலவகைக் கருவிகளையும் ஒருங்கே இணைத்து ஆளும் ஏற்பாட்டுக்குத் தளம் என்று பெயர்.

அமெஸான் கம்பெனியாரின் அலெக்ஸா, கூகிள் ஹோம், ஆப்பிள் ஹோம், ஸாம்ஸங் கம்பெனியாரின் ஸ்மார்ட்திங்ஸ், ஹோம் அஸிஸ்டன்ட் முதலியன இன்று வழங்கும் தளங்களுட் சில. இவற்றுள் எதைத் தேர்வது என ஆராய்வோர் பெரும்பாலும் விலையையும் தோற்றத்தையுமே ஒப்பிடுகின்றனர். அவற்றிற்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இல்லத்தை ஆளும் தலைமை இல்லத்தின் உள்ளே இருக்கின்றதா, அன்றி வெளியே பிறர் வசத்தில் இருக்கின்றதா என்பதே அது.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். தானியங்கும் இல்லத்தை ஒரு பண்ணையாகக் கொண்டால், விளக்கும் பூட்டும் பணியாட்கள், தளமே காரியஸ்தர். காரியஸ்தர் பண்ணையிலேயே தங்கியிருப்பின், பாதை வெள்ளத்தால் அடைபட்டாலும் வேலை நிற்பதில்லை. அவர் அயலூரில் இருந்துகொண்டு ஆள்மூலம் கட்டளையிடுபவராயின், பாதை அடைபட்ட நாளில் பணியாட்கள் கைகட்டி நிற்பர். அவர் வேலையை விட்டு நீங்கினாலோ பண்ணையே ஸ்தம்பிக்கும். தொலைவிலுள்ள சர்வர் என்னும் கணிப்பொறியை நம்பி இயங்கும் தளங்களின் நிலையும் இதுவே.

இது வெறும் அச்சமன்று, நிகழ்ந்த செய்தி. ரிவால்வ் என்னும் இணைப்புக் கருவியை 299 டாலர் கொடுத்துப் பலர் வாங்கினர். 2014-இல் நெஸ்ட் கம்பெனியார் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சர்வரை நிறுத்திவிட்டனர். பழுதில்லாத கருவி ஒரே நாளில் பயனற்ற பெட்டியாயிற்று. லோஸ் கம்பெனியாரின் ஐரிஸ் தளம் 2019 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிவுற்றது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியாரின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அடங்கின. பின்னர் அதை உபயோகித்தோருட் சிலரே கூடி அதனை விலைக்கு வாங்கி மீட்டனர். கம்பெனி நிலைத்திருப்பினும் இடையூறு நேரலாம். 2025 அக்டோபர் 20-ஆம் தேதி அமெஸான் கம்பெனியாரின் சர்வர்களில் நேர்ந்த கோளாற்றால் அலெக்ஸா கருவிகள் பல வாய்மூடின. ரிங் காமிராக்களும் தடுமாறின.

இரண்டாவதாக எண்ணவேண்டியது இல்லத்தின் அந்தரங்கம். வாய்ச்சொல்லைக் கேட்டு இயங்கும் ஒலிபெருக்கி, நம் குரலை வெளியிலுள்ள சர்வருக்கு அனுப்பியே பெரும்பாலும் பொருள் கொள்கின்றது. குழந்தைகளின் குரற் பதிவுகளை அமெஸான் கம்பெனியார் முறையின்றி வைத்திருந்தனர் என அமெரிக்க அரசாங்கத்தார் வழக்குத் தொடர, 2023-இல் அக்கம்பெனியார் 25 மில்லியன் டாலர் அபராதம் செலுத்த இசைந்தனர். படுக்கையறையிலும் குழந்தை பயிலும் அறையிலும் எக்கருவியை வைப்பது என்பதைக் குடும்பத்தார் ஆராய்ந்தே முடிவு செய்தல்வேண்டும்.

இனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியைக் காண்போம். வைஃபை எங்கும் உளது. ஆயின் மின்சாரத்தை மிகுதியாக உண்பதால் சிறு பேட்டரியில் இயங்கும் கருவிகட்கு அத்துணை ஏற்றதன்று. ஸிக்பீ, இஸட்-வேவ், திரெட் என்பன சிறிதளவு மின்சாரத்திலேயே இயங்கும். ஒரு கருவி பெற்ற செய்தியை அடுத்த கருவிக்குக் கைமாற்றி வீடெங்கும் பரப்பும். இவற்றுள் இஸட்-வேவ் தேசத்துக்குத் தேசம் வேறுபட்ட அலைவரிசையில் இயங்குவது. அமெரிக்காவில் ஏறத்தாழ 908 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868, இந்தியாவில் 865. ஆதலின் அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்போடு வாங்கியனுப்பும் இஸட்-வேவ் பூட்டு இங்கு வாங்கிய கருவிகளோடு இணங்காது.

மொழிகள் பலவானமையால் விளைந்த இடரை நீக்கவே, போட்டியிடும் கம்பெனியார் பலர் ஒன்றுகூடி மேட்டர் என்னும் பொது விதியை வகுத்து, 2022 அக்டோபரில் வெளியிட்டனர். ஆப்பிள், கூகிள், அமெஸான், ஸாம்ஸங் ஆகிய நால்வரும் இதிற் சேர்ந்துள்ளனர். மேட்டர் விதிக்கு இணங்கிய விளக்கை எத்தளத்தோடும் சேர்க்கலாம்; ஒரே சமயத்தில் இரு தளங்களோடு இணைத்தலும் கூடும். கட்டளையும் வீட்டிற்குள்ளேயே செல்லும். ஆயினும் ஒவ்வொரு தளமும் எல்லாவகைக் கருவியையும் ஏற்பதில்லை. வாங்குமுன் விசாரித்தறிதல் நன்று.

இவ்வளவுகொண்டு தளங்களை எடைபோடுவோம். அலெக்ஸாவும் கூகிள் ஹோமும் எளியன. குறைந்த விலையிற் கிடைப்பன. எண்ணிறந்த கருவிகளோடு இணைவன. எனினும் அவற்றின் தலைமை பெரும்பாலும் வெளியிலேயே உளது. ஆப்பிள் ஹோம், ஆப்பிள் டி.வி. அல்லது ஹோம்பாட் என்னும் கருவியைத் தலைமையாக வைத்துக் காரியங்களை வீட்டிற்குள்ளேயே நடத்துவது. ஆனால் குடும்பத்தார் ஐஃபோன் போன்ற ஆப்பிள் கருவியை வைத்திருத்தல் அவசியம். ஸ்மார்ட்திங்ஸ் இடைப்பட்டது, சில காரியம் உள்ளும் சில வெளியும் நடைபெறும். ஹோம் அஸிஸ்டன்ட் 2013-இல் பாலஸ் ஸ்கௌட்ஸன் என்பவரால் தொடங்கப்பெற்றது. 2024 முதல் ஓபன் ஹோம் ஃபவுண்டேஷன் என்னும் லாபநோக்கற்ற ஸ்தாபனத்தின் பாதுகாப்பில் உளது. உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணிப்பொறியிலும் அது இயங்கும். இன்டர்நெட் அற்ற போதும் வீட்டிற்குள்ளேயே பணிபுரியும். விலை அற்பம், கற்றுக்கொள்ளும் உழைப்போ அற்பமன்று.

எத்தளத்தை நாடினும், முழு வீட்டிற்கும் வாங்குமுன் ஒரு விளக்கும் ஒரு விசையும் மட்டும் வாங்கி நான்கு சோதனைகள் செய்து பார்க்கலாம். முதலாவது, இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு விளக்கு ஏவலுக்குப் பணிகின்றதா எனக் காண்க. இரண்டாவது, கைத்தொலைபேசியைத் தொடாமல் சுவரிலுள்ள விசையால் அதனை ஏற்றுக. மூன்றாவது, மின்சாரம் நின்று மீண்டபின் கருவி எந்நிலையில் விழிக்கின்றது என நோக்குக. மின்சாரம் திரும்பியதும் தானே எரியும் விளக்குகள் பல. நள்ளிரவில் வீடு முழுதும் ஒளிர்ந்தால் உறங்குவோர் திடுக்கிட்டெழுவர். பல விளக்குகளில் இதனை மாற்றியமைக்க இடமுண்டு. நான்காவது, அக்கருவி வேறொரு தளத்தோடும் இணைகின்றதா என ஆராய்க.

இரண்டாம் சோதனை எளிதாகத் தோன்றினும் முதன்மையானது. பிள்ளைகள் அயல்நாட்டில் வாழ, முதியோர் இருவர் மட்டும் தங்கும் வீடுகள் இன்று பல. அவ்வீட்டில் அயலிடத்துச் சர்வர் ஒன்று அடங்கிய இரவில் பாட்டி இருளில் நடக்க நேரின், கருவி எத்துணை நுட்பமானதாயினும் குற்றமுடையதே. கதவுப் பூட்டுக்குச் சாவியும் விளக்குக்குக் கைவிசையும் என்றும் இருத்தல்வேண்டும்.

எளிமை வேண்டுவோர் பெரிய கம்பெனியாரின் தளத்தைக் கொள்ளலாம். ஆயின் மேட்டர் விதிக்கு இணங்கிய கருவிகளையே வாங்குக. பின்னொருநாள் தளத்தை மாற்றினும் கருவிகள் கைவிட்டுப் போகா. கற்கும் ஆர்வமுடைய நம் மாணவர் ஹோம் அஸிஸ்டன்ட் தளத்தைப் பயின்று பார்ப்பாராக. பௌதிகத்திலும் கணிப்பொறி நூலிலும் கற்றவற்றைத் தம் வீட்டிலேயே சோதிக்கும் வாய்ப்பு அதனாற் கிட்டும். எவ்வழியை மேற்கொண்டாலும், வீட்டை ஆளும் அதிகாரம் அவ்வீட்டில் வாழ்வோர் கையிலேயே நிற்குமாறு பார்த்துக்கொள்வது அவர் கடமை.