அடிக்கும் கையே ஆற்றும் கை

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது பழமொழி. அதற்கு இலக்கணமாக அமைந்த தமிழர் கலை வர்மக்கலை. உடல்வலிமையைவிட உடலைப் பற்றிய அறிவையே இக்கலை பெரிதும் சார்ந்துள்ளது. இத்தகைய கலைகள் பிற நாடுகளிலும் உண்டு. சீனத்தின் ஹெனான் மாநிலத்தில், 17ஆம் நூற்றாண்டளவில் சென் குடும்பத்தாரிடையே உருப்பெற்றதாகக் கருதப்படும் தாய்ச்சி, எதிராளியின் விசையோடு இயைந்து சென்று அவ்விசையையே அவருக்கு எதிராகத் திருப்பும் மென்முறைக் கலையாகும். யுனெஸ்கோ நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அதனை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

தோற்றமும் பயிற்சியும்

வர்மக்கலையை அகத்தியர் முதலிய சித்தர்கள் அருளினர் என்பது மரபுவழி நம்பிக்கை. இதன் நுட்பங்கள் ஓலைச்சுவடிகளில் செய்யுள் வடிவில் எழுதப்பட்டன. 1956இல் தமிழகத்துடன் இணைந்த கன்னியாகுமரிப் பகுதியில் இக்கலை செழித்து விளங்கியது. அங்கு ஆசானிடம் சேரும் மாணவர் முதலில் அடிமுறை பயில்வார். சுவடு வைத்தல், கைப்போர், கம்பு வீச்சு ஆகியவற்றில் தேர்ந்து, பொறுமையும் அடக்கமும் உடையவர் என ஆசான் உணர்ந்த பின்னரே அவருக்கு வர்மம் கற்பிக்கப்படும்.

வர்மமும் மாத்திரையும்

உடலில் உயிராற்றல் தங்கி இயங்கும் இடங்களை வர்மங்கள் என்பர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என அவை 108 ஆகும் என்பது பெருவழக்கு. அவ்விடங்களில் செலுத்தும் விசையின் அளவு 'மாத்திரை' எனப்படும். இலக்கணத்தில் எழுத்தின் ஒலியளவைக் குறிக்கும் சொல் இங்குக் கைவிசையின் அளவைக் குறிக்கிறது. கால், அரை, முக்கால், ஒன்று என அது உயரும். முழு மாத்திரை விசை ஊறு விளைவிக்கும். அளவறிந்து குறைத்துத் தொடும் தொடுகை மருந்தாகும்.

கலையின் அறம்

வர்மத்தில் அடிபட்டு மயங்கியவரை மீட்க உதவும் இடங்களை அடங்கல் என்றும், மீட்கும் முறையை இளக்குமுறை என்றும் வழங்குவர். தாக்கத் தெரிந்தவர் மீட்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கலையின் அறம். தகுதியற்றோர் கையில் சேர்ந்தால் தீங்கு நேரும் என்று அஞ்சியே ஆசான்கள் இதனை மறைபொருளாகக் காத்தனர். ஆயினும், உரிய மாணவர் வாய்க்காதபோது அந்த அறிவு ஆசானோடு மறையும் நிலையும் உண்டாயிற்று. இன்று சித்த மருத்துவக் கல்வியில் வர்ம மருத்துவம் இடம்பெற்றுள்ளது. தீங்கு செய்யாமலும் மறைந்துபோகாமலும் இக்கலையைக் காக்கும் பொறுப்பு இனிக் கற்போரைச் சார்ந்தது.