ஏழு முறை மேலே வந்த சீட்டு

கைவிலங்குகளையும் பூட்டிய பெட்டிகளையும் வென்று வெளிவந்தவர் என்றே ஹரி ஹூடினியை நாம் அறிவோம். தொடக்க காலத்தில் அவர் தம்மைச் 'சீட்டுகளின் அரசன்' என விளம்பரப்படுத்திக்கொண்டவர் என்பது பலர் அறியாதது. எந்த வித்தையையும் மூன்று தடவை காட்டினால் அதன் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவேன் என்பது அவரது சவால். வெறும் வாய்வீச்சன்று, 1917 முதல் அமெரிக்க வித்தைக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்தவரல்லவா?

1922இல் சிக்காகோ நகரிலே அந்தச் சவாலுக்கு முகங்கொடுத்தார் டாய் வேர்னன் என்ற கனேடியர். வயது 27. ஹூடினி எடுத்த சீட்டில் அவரது பெயரின் முதலெழுத்துகளையே மையினால் எழுதச் செய்தார். 'இன்னொரு சீட்டை ஒளித்து வைத்திருக்கிறாய்' என்று சொல்லும் வழி அப்போதே அடைபட்டது. அச்சீட்டைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாகச் செருகினார். மேற்சீட்டைத் திருப்பினார். அதே எழுத்துகள்!

மறுபடியும் செய்யச் சொன்னார் ஹூடினி. மூன்று தடவை கடந்தது. ஏழு தடவை என்பர். ஐந்து என்பாரும் உளர். ஈற்றில், நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று சொன்னவர்கள் அவருடைய மனைவியும் நண்பர்களுமே.

ஆங்கிலத்தில் இச்சீட்டுக்கு, மேலே வர ஓயாது துடிப்பது என்ற பொருளில் பெயர். 'பேராசைச் சீட்டு' என்றால் பழிச்சொல்லாகிவிடும். வேட்கையும் அவாவும் புணர்ந்து 'வேணவா' ஆவதை இலக்கணம் படித்தோர் அறிவர். ஆகவே வேணவாச் சீட்டு என்போம்.

இதன் பொதுவான அடிப்படை எளிது. இரு சீட்டுகளை ஒன்றுபோலச் சேர்த்துத் தூக்கிக் காட்டுவதே அது. உள்ளே செருகப்படுவது வேறு சீட்டு. எழுத்துள்ளது மேலேயே இருக்கிறது. செருகுவதை நாம் உற்றுப் பார்க்கும்போது காரியம் முடிந்துபோயிருக்கும்.

ஒரே வித்தையை ஒரே சபையில் இருமுறை காட்டாதே என்பது அத்தொழிலின் பாலபாடம். இங்கோ திரும்பச் செய்வதுதான் வித்தை. ஒருமுறை ஓர் உத்தி, அடுத்த முறை இன்னொன்று என்று கை மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவையில் எழுந்த ஐயத்தை இரண்டாம் தடவை பொய்யாக்கிவிடும். மூன்று தடவை பார்த்தால் ஒன்றையே மூன்று தடவை பார்த்ததாகும் என்பதல்லவா அந்தச் சவாலின் அத்திவாரம்?

ஹூடினி 1926இல் காலமானார். வேர்னன் 1992 வரை, 98 வயது வாழ்ந்தார். 'ஹூடினியை ஏமாற்றியவர்' என்ற வாசகம் பல்லாண்டுகள் அவரது விளம்பரங்களை அலங்கரித்தது.