பிறந்தது 11, இருப்பது 7!

நம்ம ஊர் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "ஸாருக்கு எந்த ஊரு?" அடுத்த கேள்வி, "பூர்வீகமே அதானா?" அரக்கோணம் தாண்டுவதற்குள் நம் தாத்தாவின் தொழில், பாட்டியின் பிறந்தகம், வித்த நிலம், விக்காத நிலம் எல்லா விவரமும் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து வம்சாவளிக்காரர்கள் இதே கேள்வியைத் தங்களைப் பார்த்தே கேட்டுக்கொள்கிறார்கள். பதில் தேடிக் காசைச் செலவழித்து, ஆவணக் காப்பகங்களில் தவம் கிடக்கிறார்கள். காரணம் இருக்கிறது. அந்த இரண்டு தேசங்களிலிருந்தும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று கப்பலேறிப் போனவர்கள் லட்சக்கணக்கில். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதனால் வந்த பஞ்சத்தில் ஏழு வருஷத்துக்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் ஊரைவிட்டே போனார்கள். இப்படிப் போனவர்களின் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்திகள்தான் இன்றைக்கு 'எங்க பூர்வீகம் எது?' என்று தேடுகிறவர்கள்.

கிளாஸ்கோவில் மகள் வீட்டில் ஆறு மாசம் இருந்தபோது, அடுத்த வீட்டு அம்மாள் என்னை இந்த ஜோலியில் இழுத்துவிட்டார். எண்பது வயசு. அப்பா வழி ஸ்காட்லாந்து, அம்மா வழி அயர்லாந்து. கண் மங்கல், பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். "உங்களுக்குத்தான் வேலை எதுவும் இல்லையே, கொஞ்சம் உட்காருங்களேன்" என்றார். ரிடையரான மனுஷனுக்கு இதைவிட மரியாதையாக யார் வேலை கொடுப்பார்கள்?

அவருக்குத் தெரியவேண்டியது ஒரே விஷயம். அம்மாவைப் பெற்ற பாட்டி, தன் பிறந்த வீட்டைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லையாம். "நாங்க ஏழு பேர்" என்பாளாம். அதற்கு மேல் கேட்டால் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாளாம்.

முதலில் சுலபமான பக்கம், அதாவது அப்பா வழி. ஸ்காட்லாந்துக்காரர்கள் கணக்கில் கெட்டி. எடின்பரோவின் பிரதான வீதிக் கோடியில், குதிரைமேல் வெலிங்டன் பிரபு நிற்கிறாரே, அவருக்குப் பின்னால் இருக்கிற பெரிய கட்டடம்தான் ரிஜிஸ்டர் ஹவுஸ். தேசத்தின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதற்குள் அடக்கம். சர்ச் ரிஜிஸ்டர்களில் மிகப் பழையது 1553-ல் ஆரம்பிக்கிறது. 1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து சர்க்காரே கட்டாயமாகப் பதிய ஆரம்பித்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். பக்கத்தைத் திறக்கக் காசு கட்டவேண்டும், அவ்வளவுதான்.

அதிலும் 1855-ல் பிறந்தவரோ செத்தவரோ உங்கள் வம்சத்தில் இருந்தால் லாட்டரி அடித்த மாதிரி! புது மாப்பிள்ளை உற்சாகத்தில் அந்த முதல் வருஷம் ஏகப்பட்ட கேள்வி கேட்டிருக்கிறார்கள். பெற்றோருக்கு என்ன வயசு, எங்கே பிறந்தார்கள், எங்கே எப்போது கல்யாணம், மூத்த பிள்ளைகள் எத்தனை... ரிஜிஸ்ட்ரார்களுக்குக் கை வலித்ததோ என்னவோ, அடுத்த வருஷமே பாதியைக் குறைத்துவிட்டார்கள்.

பெயர் வைக்கிற வழக்கத்தைப் பார்த்து அசந்துபோனேன். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர். இரண்டாவது பையனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். சட்டமில்லை, பழக்கம். தாத்தாவின் பெயரைச் சுமப்பதால் 'பெயரன்'. அதுவே 'பேரன்' ஆனது என்று நாம் சொல்வோமே! அங்கேயும் பேரனின் பெயரைப் பிடித்துக்கொண்டே தாத்தாவைத் தேடிப் போகலாம். 'மாக்' என்று ஆரம்பிக்கிற குடும்பப் பெயரில் 'மாக்' என்றால் மகன். ஐரிஷ் பெயரின் முன்னால் வருகிற 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் 19-ம் நூற்றாண்டிலும்கூட நம்ம இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கடைத்தெருவில் 'உங்கள் குலத்தின் கட்டம் போட்ட துணி இது' என்று விற்பார்கள். தாராளமாக வாங்குங்கள், குளிருக்கு நல்லது. ஆனால் கேம்பெல் என்று பெயர் இருப்பதாலேயே எல்லாரும் பங்காளி ஆகிவிட முடியாது. தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்களும் தலைவன் பெயரையே வைத்துக்கொண்டதுண்டு.

அப்பா வழியில் ஆறு தலைமுறை, மூன்றே வாரத்தில் முடிந்தது. அம்மா வழிக்கு வந்ததும் சுவரில் முட்டிக்கொண்டோம்.

அயர்லாந்தில் 1821-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தரம் ஜனத்தொகைக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் 1861, 1871 கணக்குத் தாள்களைச் சர்க்காரே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதக் கூழாகிவிட்டன. மிச்சமிருந்த முதல் நாலு கணக்கும் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் 30-ல், உள்நாட்டுச் சண்டையில், அது வெடித்து எரிந்தது. கருகிய காகிதங்கள் நகரம் பூராவும் பறந்து வந்து விழுந்தன. எத்தனை நூற்றாண்டுப் பெயர்கள்! தப்பியது கொஞ்சம் துண்டு துணுக்குதான். நகல் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிச் சேர்த்து, எரிந்த காப்பகத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி கட்டுகிற வேலை நடக்கிறது. 2022-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

ஆக, அயர்லாந்தில் முன்வாசல் கிடையாது. கொல்லைப்புறமாகத்தான் போகவேண்டும். வரி போட எழுதின கணக்கு ஒரு வழி. ரிச்சர்ட் கிரிஃபித் என்கிற அதிகாரி 1847-லிருந்து 1864 வரை வீடுவீடாக, வயல்வயலாக மதிப்புப் போட்டு, யார் குடியிருக்கிறார் என்று எழுதிவைத்தார். அன்றைக்கு அவரைத் திட்டித் தீர்த்தவர்களின் சந்ததி இன்றைக்கு அவரைக் கும்பிடுகிறது!

இன்னொரு வழி பென்ஷன். 1909-ல் எழுபது வயசானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை பென்ஷன் என்று வந்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லாருக்குமான பிறப்புப் பதிவு 1864-ல்தான் ஆரம்பம். கிழவர்களிடம் சான்றிதழ் ஏது? 1839 ஜனவரி 6 ராத்திரி ஊரையே புரட்டிப்போட்ட புயல் ஞாபகம் இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்களாம். ஐந்து ஷில்லிங் கிடைக்குமென்றால் யாருக்கு ஞாபகம் வராது? நம்ம அம்மாளின் எள்ளுப்பாட்டிக்கு 1901 கணக்கில் வயசு 58, 1911 கணக்கில் 73. "பத்து வருஷத்தில் பதினைந்து வயசு! சமர்த்து" என்றார் பேத்தி, ரொம்பப் பெருமையாக. வயசை நிரூபிக்க 1841, 1851 கணக்குகளைப் புரட்டிப் பார்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டவர்களும் உண்டு. கணக்கு எரிந்துபோனது. அதிலிருந்து எடுத்து எழுதின விண்ணப்பத் தாள்கள் பிழைத்துக் கிடக்கின்றன!

எதற்கும் ஊர்ப் பெயர் தெரிந்தாகவேண்டும். 'டவுன்லேண்ட்' என்கிற குக்கிராமங்கள் அங்கே அறுபதாயிரத்துக்கு மேல். அதனால்தான் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் வீட்டுப் பரணைப் பார் என்கிறார்கள். பாட்டியின் ஜெபப் புத்தகத்து உள் அட்டையில் பென்சிலால் ஒரு ஊர்ப் பெயர் இருந்தது. டோனகால் மாவட்டம். கிளாஸ்கோவில் பாட்டிக்கு நடந்த கல்யாணப் பதிவில் அவளுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தது. ஸ்காட்லாந்துக் கணக்கு கெட்டி என்றேனே!

அப்புறம் 1911 கணக்கு. 1901-ம் 1911-ம் முழுசாகத் தப்பியவை, இன்டர்நெட்டில் இலவசம். அந்த வீட்டுத் தாளே கண்ணெதிரே வந்தது. பேசும் மொழி: ஐரிஷும் இங்கிலீஷும். குடும்பத் தலைவர் கையெழுத்து: பெருக்கல் குறி. கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அந்த வருஷம் மூன்று கேள்வி. மணமாகி எத்தனை வருஷம்? 31. உயிரோடு பிறந்த குழந்தைகள்? 11. இப்போது இருப்பவர்கள்? 7.

படித்துச் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஏழு பேர்னுதானே சொன்னா..."

மீதி நாலு பேரைத் தேடுவதே எங்கள் வேலையாயிற்று. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஒரு பையன், பிறந்து ஒன்பதாம் நாள். இன்னொரு பையன், ஆறு மாசம். ஒரு பெண், இரண்டு வயசு, கக்குவான் இருமல். சாகும்போது கூட இருந்தவர்: தாய். கையெழுத்துக்குப் பதில் அங்கேயும் பெருக்கல் குறி.

அந்தப் பெண் குழந்தையின் பெயரைப் பார்த்ததும் நான் நிறுத்திவிட்டேன். பாட்டியின் பெயர்! தேதியைச் சரிபார்த்தோம். பாட்டி பிறந்தது அடுத்த வருஷம். போன குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் அங்கே சகஜமாம். அம்மாள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுதான் அடுப்பைப் பார்க்கப் போயிடுவாளா?" என்றார்.

நாலாவது குழந்தை கிடைக்கவில்லை. பதியாமலே போன பிறப்புகள் அங்கே நிறைய. சர்ச்சின் ஞானஸ்நான ஏட்டில் தேடிப் பார்த்தோம், அந்தப் பக்கம் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பென்சிலில் இருந்த ஊர்ப் பெயருக்குக் கீழே, நடுங்குகிற கையெழுத்தில், வரிசையாகப் பத்துப் பெயர். பாட்டியின் பெயர் இரண்டு தடவை. பதினோராவதாக ஒரு கோடு மட்டும்.

"தெரிஞ்சா எழுதிக்கலாம். எனக்கப்புறம் யாராவது எழுதட்டும்" என்றார்.