தாழ்த்திய காரும் தடையுறு அலைவும்

சென்ற ஆண்டு தடையுறு அலைவுகள் பற்றிய பாடம் முடிந்த அன்று, மாணவர் ஒருவர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "சார், எங்க அண்ணன் கார் ஸ்பிரிங்கை மாத்தி வண்டிய இறக்கிட்டாரு. இப்ப வேகத்தடையில ஏறினா 'டங்'னு அடிக்குது. நாலு ஷாக் அப்சார்பரும் மாத்தணும்னு சொல்றாங்க. அவ்வளவு பணம் செலவு பண்ணணுமா சார்?" என்று கேட்டார்.

அண்ணன் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குத் தினமும் வேலைக்குப் போகிறவர். பழைய சிறு கார் ஒன்றை வாங்கி, முப்பது மில்லிமீட்டர் தாழ்த்தும் சுருள்விற்களைப் பொருத்திவிட்டார். முதுகுத்தண்டு வலியுள்ள தாயாரை மாதம் இருமுறை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதே காரில்தான். ஆகவே கேள்வி வெறும் அழகு பற்றியது அன்று. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

காரைத் தாழ்த்துவதால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களின் சுமையில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. மாறும் சுமை ஈர்ப்பு மையத்தின் உயரத்திற்கு நேர்விகிதத்திலும், இடவலச் சக்கரங்களின் இடைவெளிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஆயிரம் கிலோ காரின் ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்திலும், சக்கர இடைவெளி 145 செ.மீ. ஆகவும் உள்ளன என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் நான்கு பங்கு பக்கவாட்டு முடுக்கத்துடன் திரும்பினால் மாறும் சுமை 152 கிலோ. காரை 3 செ.மீ. தாழ்த்தினால் அது 143 கிலோ ஆகும். ஒன்பது கிலோதான் மிச்சம்! இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், நொடியின் நூறில் ஒரு பங்குக்காகப் போராடுகிறவருக்கு இந்த ஒன்பது கிலோ பெரிது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்பவருக்கு அதனால் என்ன பயன்?

இனி இழப்பைப் பார்ப்போம். விசைக்கு ஏற்ப நீட்சி என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை நாம் அறிவோம். முன்சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ இருக்கிறது. சுருள்வில் மாறிலி மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். ரப்பர் தடுப்பானில் மோதும்முன் வில் இன்னும் 80 மி.மீ. அமுங்க இடமுள்ளது என்று கொள்வோம். அந்த 80 மி.மீ.க்குள் வில் கூடுதலாக ஏற்கும் ஆற்றல், மாறிலியில் பாதியை அமுக்கத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும்: 64 ஜூல்.

காரை 30 மி.மீ. இறக்கியதும் எஞ்சும் இடம் 50 மி.மீ. தான். அமுக்கம் வர்க்கத்தில் வருவதால் அடி பலமாக விழுகிறது. பழைய 64 ஜூலை இந்தக் குறுகிய இடத்திற்குள் ஏற்க வேண்டுமானால் மாறிலி 51 ஆக உயர வேண்டும், அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். அப்படி ஒரு வில்லைப் போட்டால் கார் கட்டை வண்டியாகிவிடும். எனவே செய்பவர்கள் நடுவழியில் நின்று, மாறிலியைச் சுமாராக நாற்பது சதவீதம் வரை உயர்த்துவதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். 28 நியூட்டன் எனக் கொண்டால், 50 மி.மீ.க்குள் ஏற்கும் ஆற்றல் 35 ஜூல். பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மீதியை ரப்பர் தடுப்பான் வாங்கிக்கொள்கிறது. அண்ணன் கேட்ட 'டங்' அதுதான். (இக்கணக்கில் ஷாக் அப்சார்பரின் பங்கை ஒதுக்கிவிட்டேன். அதைச் சேர்த்தாலும் போக்கு மாறாது.)

வேகத்தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சாலைக் காங்கிரசு 1988இல் வகுத்த அளவின்படி வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள கார் அதன் மேல் நிற்கும்போது, சக்கரங்களை இணைக்கும் கோட்டுக்கு மேல் மேடு 4 செ.மீ. தான் எழும்பும். வட்ட நாணின் வடிவியலைக் கொண்டு மாணவர்கள் இதைச் சரிபார்த்துக் கொள்ளலாம். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் இரவோடு இரவாகக் கொட்டி வைக்கும் குறுகிய தார்க் குவியலில் 10 செ.மீ. முழுவதுமே வயிற்றில் இடிக்க வரும். தரை இடைவெளி 165 மி.மீ. உள்ள கார் 30 மி.மீ. இறங்கி, ஐந்து பேர் ஏறி மேலும் 27 மி.மீ. அமுங்கினால் மிஞ்சுவது 108. லேசாக ஒரு குதி குதித்தாலே உரசல்தான்.

ஷாக் அப்சார்பருக்கு வருவோம். பெயர் அதிர்ச்சியை ஏற்பது என்றிருந்தாலும், அதிர்ச்சியை முதலில் ஏற்பது சுருள்வில்லே. ஏற்ற ஆற்றலை வில் திருப்பித் தந்துவிடும். அப்படியே விட்டால் கார் ஊஞ்சலாடிக் கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பருக்குள் உந்துதண்டு எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளுகிறது. ஆடும் ஆற்றல் வெப்பமாகிறது. மோசமான சாலையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தியபின் அதைத் தொட்டுப் பாருங்கள், சுடும். பொதுவாக வில் அமுங்கும்போது குறைவாகவும், விரியும்போது அதிகமாகவும் தடை தருமாறு அதன் வால்வுகளை அமைப்பார்கள்.

இந்தத் தடை வில்லுக்குப் பொருந்தி வரவேண்டும். அலைவே இன்றி மிக விரைவில் நிலைக்குத் திரும்பச் செய்யும் தடையை மாறுநிலைத் தடை என்கிறோம். அது மாறிலி, நிறை இவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காரில் அதில் பத்தில் மூன்று பங்கு இருப்பதாகக் கொள்வோம். ஒரு குலுக்கலின் வீச்சு அடுத்த சுற்றில் ஏழில் ஒரு பங்காகிவிடும். மாறிலியை நாற்பது சதவீதம் கூட்டினால், 1.4இன் வர்க்கமூலம் 1.18, ஆகவே ஷாக் அப்சார்பரின் தடையும் பதினெட்டு சதவீதம் கூட வேண்டும். கூட்டாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வீச்சு மிஞ்சும். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அண்ணன் காரில் இருந்தவை எண்ணெய் கசிந்து தேய்ந்து போனவை. தடை பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் வீச்சு மிஞ்சிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் சக்கரம் சாலையை அழுத்தியும் விட்டும் ஓடுகிறது. பிரேக் பிடிக்கும் தூரம் நீள்கிறது. ஆட்டத்தைவிட எனக்குக் கவலை தந்தது இதுதான்.

வால்வு மட்டுமன்று, நீளமும் பொருந்த வேண்டும். குட்டையான வில்லுடன் பழைய நீள ஷாக் அப்சார்பர் இருந்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது வில் தன் இருக்கையில் தளர்ந்து நகரக்கூடும். ஜாக்கி வைத்துத் தூக்கி, வில்லைக் கையால் அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிலர் புது வில்லுக்குப் பணம் ஏன் என்று இருக்கும் வில்லில் ஒரு சுற்றை அறுத்துவிடுவதுண்டு. மாறிலி சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், ஆறு சுற்று ஐந்தானால் இருபது சதவீதம் கூடும். கம்பித் தடிமனின் விளைவோ இன்னும் வியப்பானது. அது நான்காம் அடுக்கில் வருகிறது: 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. போட்டால் மாறிலி 38 சதவீதம் உயரும்! அறுப்பதிலும் கொடியது காஸ் சுடரால் வில்லைச் சுட்டு இறக்குவது. பதம் போட்ட எஃகு அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும்.

அப்படியும் தாழ்த்தத்தான் வேண்டும் என்பவர் 25 மி.மீ.க்குள் நிற்கட்டும். வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று என்றே செய்த தொகுதியாக வாங்கி, சக்கரச் சீரமைப்பும் செய்துகொள்ளட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகனத்தின் பதிவு விவரங்கள் உற்பத்தியாளரின் மூல அளவுகளுக்கு மாறுபடும்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதை வலியுறுத்தியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்காமல் கை வைப்பது சரியன்று.

மாணவருக்கு நான் சொன்ன விடை: "ஷாக் அப்சார்பர் மாத்தத்தான் வேணும் தம்பி. ஆனா பழைய ஸ்பிரிங்கையும் திரும்பப் போடச் சொல்லு." நல்லவேளை, அவற்றை விற்காமல் வீட்டுத் தாழ்வாரத்தில் போட்டு வைத்திருந்தார்கள். கழற்றுவதற்கு முன் மாணவர் தம் கைப்பேசியைக் காரின் முன்மூடியில் ஒட்டி, மூலையை அழுத்தி விட்டு, முடுக்கமானியில் பதிவெடுத்தார். நான்கு முகடுகள் தெளிவாகத் தெரிந்தன. அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை. மூல வில்லும் புது ஷாக் அப்சார்பரும் போட்டபின் எடுத்த பதிவில் இரண்டாம் முகட்டையே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டி எடுத்து வந்தார். தாயார் இப்போது முன் இருக்கையில் உட்கார்ந்து போகிறாராம்.